முன் இருக்கைக்கு ஒரு மோட்டார்

ஜூலை 1, திங்கள்

இது அப்பா கடைக்கு பேட்டரி கம்பெனிக்காரர் கொடுத்த ஓசி டைரி. ஆறு மாதமாக மேசை டிராயரில் தூங்கியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய பக்கத்தில்: "நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்டால் சார்ஜ் இறங்கிவிடும்." கம்பெனிக்காரர் என்னைப் பார்த்ததே இல்லை. பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார்.

பெயர்: லோஷினி. வயது: பதினாறு. படிவம் நான்கு. ஊர்: கோலகங்சார். தொழில்: குறும்பு. மே மாதக் கடைசியிலிருந்து வேலையில்லாத் திண்டாட்டம்.

அம்மா ஈப்போவில் நர்ஸ். அப்பாவுக்குக் கடை. இரண்டு மணிக்குப் பள்ளி விட்டு வந்தால் ஏழு மணி வரை வீட்டில் நான், ஃப்ரிட்ஜ், ஒரு பல்லி. பொழுது போகாமல் சர்க்கரை போத்தலில் உப்பைக் கொட்டி வைத்தேன். அதை மறந்துவிட்டு நான்கு மணிக்கு எனக்கே தேநீர் கலக்கினேன். பாதிக்கப்பட்டவர்: நான். குற்றவாளி: நான். சாட்சி: பல்லி. அதுவும் சிரிக்கவில்லை.

ஜூலை 6, சனி

ஆறு வாரத்துக்குப் பிறகு அணை ஏரி. அப்பாவின் நிபந்தனைகள்: லைஃப் ஜாக்கெட் கழுத்து வரை. படகுத் துறையிலிருந்து அவர் கண்ணுக்கு எட்டும் தூரம் மட்டும். அவர் துறையில் நாற்காலி போட்டு நாளிதழ் படிப்பார். படித்தார். மூன்று மணி நேரமும் ஒரே பக்கம்.

எங்கள் கயாக் இரண்டு பேர் உட்காருவது. பின்னால் நான். முன்னால் கஜா. முழுப்பெயர் கஜலட்சுமி. பெயரில் யானை, எடையில் ஐம்பது கிலோ. முதலாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து நாற்காலி. இப்போது அவளுக்கு டியூஷன் அதிகம். அதனால் வரவில்லை.

ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டால் கயாக் நேராகப் போக மாட்டேன் என்கிறது. காற்று அடித்ததும் வட்டம் போட்டது. தோமான் மீன் ஒன்று (விராலின் முரட்டுச் சித்தப்பா) பக்கத்திலேயே எழும்பி என்னைப் பார்த்துவிட்டு மூழ்கியது. நான் தூண்டிலை எடுப்பதற்குள் கயாக் எனக்கு முதுகைக் காட்டிவிட்டது. கயாக்குக்கு ஏது முதுகு என்று கேட்டால், இன்றைக்கு இருந்தது.

கரைக்கு வந்ததும் அப்பா, "ரெண்டு பேர் ஓட்டுற வண்டிய ஒருத்தி எப்படிம்மா ஓட்டுவே? ஒரு மோட்டார் போட்டுருவோமா?" என்றார்.

சரி என்றேன். மோட்டாருக்கு டியூஷன் கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

அம்மாவிடம் மோட்டார் வாங்கப் போகிறோம் என்றேன். "லைசென்ஸ் இல்லாம மோட்டார் ஓட்டக் கூடாது" என்றார். நம் ஊரில் மோட்டார் என்றால் இரண்டு சக்கரம்தான். கயாக்குக்கு என்றேன். முகம் மாறிவிட்டது. "மறுபடியும் அங்கேயா?" என்று அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

செங் அங்கிள் கடை. தூண்டில், புழு, மோட்டார், பழைய காலண்டர் எல்லாம் விற்பார். ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். என்னைவிட அவர் தமிழ் சுத்தம்.

"பின்னால மாட்டுற மோட்டார் வேணாம்மா. முன்னால மூக்குல மாட்டுறத எடு. பிள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரிதான். முதுகுல தள்ளுனா எங்கயாவது திரும்பிப் போகும். கையப் புடிச்சு இழுத்தா நேரா போகும்."

ரிமோட் ஒன்று வரும். அதில் நங்கூரப் படம் போட்ட பட்டன். அதை அழுத்தினால் காற்றடித்தாலும் மோட்டார் தானாகவே திரும்பித் திரும்பி ஓடி, கயாக்கை அதே இடத்தில் நிறுத்தி வைக்குமாம். விட்டுவிட்டு எங்கும் போகாது. எனக்கு அந்தப் பட்டன் பிடித்தது.

"தண்டு ரெண்டு நீளத்துல இருக்கு" என்றார். "முப்பது இன்ச்சு, முப்பத்தாறு இன்ச்சு. தண்டுல ஒரு அடி சொச்சம் மூக்குக்கு மேலேயே நின்னுடும். அடியில விசிறி. அது தண்ணிக்குள்ள ஒரு சாணாவது முங்கியிருக்கணும். கயாக் மூக்கு தண்ணியிலருந்து எவ்வளவு உயரம்னு அளந்துகிட்டு வா. வீட்டுத் தரையில வெச்சு அளக்காத. தண்ணியில போட்டு, ஆளு உக்காந்து அளக்கணும். எத்தன பேர் போவீங்க?"

"ஒராள்தான்."

"அது ரெண்டாள் கயாக்காச்சே."

"கூட வர்ற ஆளுக்கு டியூஷன் அங்கிள்."

அப்பா புழு டப்பாவை ரொம்ப கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

கஜா முடி வெட்டிக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் இப்போது அவள் இடம் மூன்று வரிசை முன்னால். கழுத்து தெரிகிறது.

ஜூலை 10, புதன்

பேட்டரிச் சண்டை. மோட்டாருக்கு லித்தியம் பேட்டரிதான் நல்லது, பதினோரு கிலோ, தூக்கலாம் என்று காணொளியில் சொன்னார்கள். அப்பா விற்பது ஈய பேட்டரி, முப்பது கிலோ. "என் மகளே என் கடையில வாங்க மாட்டேங்குறா. ஊருல எவன் வாங்குவான்?" என்றார். "உங்க பேட்டரியத் தூக்கிட்டுப் போனா கயாக்குல இடம் இருக்கும்பா, எனக்குத்தான் இடுப்பு இருக்காது" என்றேன். சிரித்தார். அடுத்து உந்துவிசை. ஐம்பத்தைந்து பவுண்டா, எண்பதா என்று நான் கேட்டதில் சமையலறையிலிருந்து அம்மா, "ஐம்பத்தஞ்சு பவுனா? என் கல்யாணத்துக்கே பதினாறுதான் போட்டாங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஐந்து விநாடி இருக்கும். பிறகு அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஐம்பத்தைந்து போதும். எண்பது இரண்டு பேரை இழுக்கத்தான் வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

இன்று ஒரு தவறு. ரப்பர் தவளை ஒன்றின் வாயில் 'சாரி' என்று எழுதிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, ஓய்வு நேரத்தில் கஜாவின் பென்சில் டப்பாவுக்குள் போட்டேன். திறந்ததும் தவளை குதிக்கும், அவள் கத்துவாள், பிறகு காகிதத்தைப் படிப்பாள், சிரிப்பாள் என்பது திட்டம்.

திறந்தாள். குதித்தது. கத்தவில்லை. டப்பாவோடு சேர்த்து எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் பென்சில் கடன் வாங்கிக்கொண்டாள். காகிதத்தைப் பிரிக்கவே இல்லை.

சரி. எழுதிவிடுகிறேன். டியூஷன் எல்லாம் ஒன்றும் இல்லை.

மே 26. பள்ளி விடுமுறை. ஏரி நடுவில், பட்டுப்போன மரங்கள் நிற்கும் இடம். கஜா முன்னால் உட்கார்ந்து தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி, நீந்திப்போய் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தால் நான் இருக்க மாட்டேன். அவ்வளவுதான் வேடிக்கை. நான் நன்றாக நீந்துவேன். அவளுக்குச் சரியாக வராது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் துறையில்கூட நிற்க மாட்டாள்.

திரும்பினாள். கூப்பிட்டாள். பிறகு என்னைத் தேடித் தண்ணீரில் குதித்தாள். ஜாக்கெட் அவளை மூழ்க விடவில்லை. மூழ்கினால்தானே தேட முடியும்? அதனால் அதைக் கழற்றிவிட்டாள்.

நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வலை போட வந்த மலாய்க்காரப் பெரியவர் அவரது படகில் ஏற்றிக் கரை சேர்த்தார். ஓர் இரவு ஆஸ்பத்திரி. அவள் ஜாக்கெட்டைக் கழற்றியதை நான் பார்க்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். மரம் மறைத்துவிட்டது.

ஜூலை 13, சனி

அளவெடுத்தோம். துறையில் முழங்கால் தண்ணீரில் கயாக். நான் பின்னால் உட்கார்ந்தேன். முன் இருக்கையில் இருபத்தைந்து லிட்டர் டிரம் இரண்டில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன்.

"இது எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"கயாக் எப்பவும் இப்படித்தான்பா நிக்கும்."

டிரம்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாடாவைப் பிடித்து அளந்தார். மூக்கு தண்ணீரிலிருந்து ஏழு இன்ச்சு. முப்பது இன்ச்சுத் தண்டே தாராளம். நீளத் தண்டு தண்ணீருக்குள் கிடக்கும் கிளையில் இடிக்கும், எடை கூடும், மடக்கினால் காலை முட்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அப்பா எதையும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு இவ்வளவு பதில் நான் பரீட்சையில்கூட எழுதியதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆர்டர் கொடுத்தாயிற்று. கோலாலம்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை வரும். "தண்டு சரியா வரலேன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டா, நீளமானதுக்கு மாத்தித் தர்றேன்" என்றார் செங் அங்கிள். மாற்ற வேண்டிய அவசியம் வராது என்றேன்.

வரும் வழியில் காடி ஓட்டிக்கொண்டே அப்பா திடீரென்று, "நீ என் செருப்புல பசை தடவி ரெண்டு மாசம் ஆகுது" என்றார்.

"திட்டுவீங்களே."

"திட்டுவேன்தான்."

ஜூலை 17, புதன்

கஜா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வந்தார். ஆண்ட்டி கேட்டைத் திறக்காமலே, "அவ தூங்குறாம்மா" என்றார். மாலை ஐந்து மணி. மாடியில் அவளுடைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

ஜூலை 20, சனி

மோட்டார் அழகு. கறுப்பு. கொக்கு மாதிரி கழுத்தை மடக்கிக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தது. அப்பா கயாக் மூக்கில் நான்கு துளை போட்டு, மோட்டார் உட்காரும் தட்டைப் பொருத்தினார். முன் இருக்கையைக் கழற்றிவிடலாமா, இடம் கிடைக்குமே என்று கேட்டார். வேண்டாம், திருகு துருப்பிடித்திருக்கிறது என்றேன். பிளாஸ்டிக் திருகு.

பேட்டரியை என் முதுகுக்குப் பின்னால் கட்டினோம். நான் பின்னால் ஏறினேன். ரிமோட்டை அழுத்தினேன்.

பர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். எருமை கொப்பளிக்கிற மாதிரி. விசிறி பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றி என் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தது. கயாக் அசையவில்லை. வேகத்தைக் கூட்டினேன். சத்தம்தான் கூடியது. துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறருக்கு நான் செய்யும் வேலையை எனக்கே ஒரு மோட்டார் செய்கிறது.

அப்பா நாடாவோடு தண்ணீரில் இறங்கினார். பதினான்கு இன்ச்சு.

"பின்னால மட்டும் ஆள் உக்காந்தா மூக்கு தூக்கிக்குதும்மா. நாம அளந்தப்போ முன்னால ஐம்பது கிலோ இருந்துச்சுல்ல."

நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அன்றைக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

"செங் அங்கிள்கிட்ட மாத்திக்கலாம்" என்றார். "அடுத்த சனி வரைக்கும் நேரம் இருக்கு. நீளத் தண்டு போட்டா நீ தனியாவே போகலாம்."

ஜூலை 21, ஞாயிறு

முன் இருக்கையில் டிரம் இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. நங்கூரப் பட்டனை அழுத்தினேன், அப்படியே நின்றது. டிரம் ரொம்ப நல்ல பிள்ளை. பயப்படவில்லை, என் பிஸ்கட்டைத் தின்னவில்லை, தூண்டிலைச் சிக்காக்கவில்லை, "லோஷி, முதலை இருக்குமா லா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

மரம் எதையும் மறைக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கேன்டீனில் கஜா தனியாக மீ கோரேங் தின்றுகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். கையில் தவளை இல்லை, காகிதம் இல்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்தேன், அவள் பார்க்கட்டும் என்று.

"என்னா?" என்றாள். ஐம்பத்தெட்டு நாளில் முதல் வார்த்தை.

"நீ ஜாக்கெட்டக் கழட்டுனத நான் பார்த்தேன்."

மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"பார்க்கலேன்னு சொன்னே. எங்கம்மாகிட்ட. டாக்டர்கிட்ட."

"பொய்."

"எவ்ளோ நேரம் பார்த்தே?"

"நீ ரெண்டாவது தடவ முங்குற வரைக்கும்."

"சிரிச்சியா?"

"மொதல்ல."

"அப்புறம் ஏன் வரல?"

இந்தக் கேள்விக்கு வழியில் மூன்று பதில் தயாரித்து வைத்திருந்தேன். மூன்றும் நன்றாக இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"நீ என் பேரச் சொல்லிக் கத்திட்டுத் தேடுனது நல்லா இருந்துச்சு. யாரும் என்னை அப்படித் தேடுனதில்ல. இன்னும் கொஞ்சம் தேடட்டும்னு நெனச்சேன்."

கஜா என்னைப் பார்த்தாள். பக்கத்து மேசையில் யாரோ தண்ணீர் போத்தலைத் தட்டிவிட்டார்கள். இருவரும் திரும்பவில்லை.

"இதச் சொல்லத்தான் வந்தியா?"

"மோட்டாரும் வாங்கியிருக்கேன். முன்னால ஆள் இல்லாட்டி மூக்கு தூக்குது, ஓட மாட்டேங்குது. சனிக்கிழமைக்குள்ள மாத்திக்கலாம். மாத்துனா ஒராளா ஓட்டலாம்."

"மாத்து" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதி மீ கோரேங் அப்படியே இருந்தது. தட்டில் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறவள் இல்லை அவள்.

ஜூலை 24, புதன்

ஒன்றுமில்லை.

ஜூலை 25, வியாழன்

அம்மாவிடமும் சொன்னேன். பார்த்ததை. இரவு வேலைக்குச் சீருடை மாற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பசிச்சா ஃப்ரிட்ஜுல கறி இருக்கு" என்றார். போகும்போது என் தலையைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிவிட்டுப் போனார். அடியா, தடவலா, தெரியவில்லை. இரண்டும் கலந்த மாதிரி.

ஜூலை 26, வெள்ளி

மோட்டாரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அப்பா செங் அங்கிளுக்குப் போன் செய்து நீளத் தண்டை எடுத்து வைக்கச் சொன்னார்.

மாலை ஆறு மணிக்குக் கஜாவிடமிருந்து ஒரு செய்தி. 'எத்தன மணிக்கு மாத்தப் போற?'

'கடை ஆறு மணிக்கு மூடுவாங்க. அஞ்சரைக்கு' என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 27, சனி

நான்கு மணிக்கு ஆண்ட்டியின் காடி துறைக்கு வந்தது. ஏரிக்குத்தான் போயிருப்போம் என்று எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கடைக்குப் போகும் முன் கடைசியாக ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று அப்பாவை இழுத்து வந்திருந்தேன்.

கஜா இறங்கினாள். லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொக்கிகளுக்கு மேல் ஒரு கயிற்றையும் கட்டியிருந்தாள், இரட்டை முடிச்சு. ஆண்ட்டி என்னைப் பார்க்காமல் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார். அப்பா நாற்காலியைக் கொடுத்தார். ஆண்ட்டி உட்காரவில்லை.

"நான் இன்னும் உன்கூடப் பேசல" என்றாள் கஜா.

"சரி."

"இதுதான் மோட்டாரா? கொக்கு மாதிரி இருக்கு."

"நானும் அதான் சொன்னேன்."

"நீ சொன்னத நான் கேக்கல."

கயாக்கைத் தண்ணீரில் தள்ளினோம். முன் இருக்கையைக் கையால் துடைத்துவிட்டேன். காய்ந்துதான் இருந்தது, சும்மா துடைத்தேன். அவள் ஏறாமல் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். கயிற்று முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"நீ முன்னால உக்காரு" என்றாள்.

"அது உன் இடம்."

"நான் பின்னால உக்காருறேன். நீ என் கண்ணு முன்னால இரு. ரிமோட்டக் கொடு."

கொடுத்தேன். முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து இந்தக் கயாக்கில் வருகிறேன், முன் இருக்கையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இங்கிருந்து தண்ணீரும் மரமும்தான் தெரிகின்றன. கூட வருகிறவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. இத்தனை வருஷம் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் அவள் ஏறியதும் கயாக் ஆடி, அடங்கியது. மூக்கு இறங்கியது. விசிறி முழுசாக மூழ்கிவிட்டது. அவள் பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லை. கரை மெல்ல விலகியது.

அப்பா துறையிலிருந்து, "செங் அங்கிளுக்கு என்னம்மா சொல்லட்டும்? அஞ்சாகப் போகுது" என்று கத்தினார்.

கஜா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றோ, வர மாட்டேன் என்றோ. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றாவிட்டால், அவள் வராத சனிக்கிழமைகளில் இந்த மோட்டாரால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

"மாத்தலப்பா" என்றேன்.

பட்டுப்போன மரங்கள் இருக்கும் பக்கம் போகாமல் அவள் கயாக்கை இடது பக்கம் திருப்பினாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"கஜா, திரும்பிப் பார்க்கவா?"

"வேணாம்" என்றாள்.

திரும்பவில்லை.